மடை திறக்காத மூன்று நாள்

கேளுங்கள், உட்கார்ந்திருப்பவர்களும் நிற்பவர்களும். அரசர் தூரத்தில் இருந்தார், அதிகாரி பக்கத்தில் இருந்தார். அப்படிப்பட்ட பழங்காலத்தில் பெருமடையூர் என்று ஓர் ஊர். மேட்டில் பட்டணம், நடுவில் ஏரி, பள்ளத்தில் உழுது பிழைப்பவர்கள். கதைக்கு முன்னால் அங்கே நடந்த அநியாயங்களைச் சொல்கிறேன். வரிசை மாறாமல் மனத்தில் வையுங்கள்.

முதல் ஆண்டு ஏரித் தண்ணீர் நாறியது. துணி வெளுக்கும் சின்னானின் பெயர் வாசிக்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டு மீன்கள் செத்து மிதந்தன. எருமை மேய்க்கும் மாடத்தியின் பெயர் வாசிக்கப்பட்டது.

மூன்றாம் ஆண்டு பள்ளத்தில் ஏழு குழந்தைகள் வாந்தியெடுத்து இறந்தன. அதில் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், மீன் பிடிக்கும் கருவாயன். அவன் பெயரே வாசிக்கப்பட்டது.

நான்காம் ஆண்டு மடைக்காரன் சாத்தன் உடம்பெல்லாம் புண்ணாகி இறந்தான். இறந்த இருபதாம் நாள், அவன் பெயர் வாசிக்கப்பட்டது.

பெயர் வாசிப்பது என்றால் என்ன? ஏரி நிரம்பும் நாளில், மடை திறக்கும் முன், அந்த ஆண்டு தண்ணீரைக் கெடுத்தது யார் என்று ஏரித்தலைவர் கரைமேல் நின்று ஓலையைப் பார்த்து வாசிப்பார். வாசித்த பிறகுதான் மடை திறக்கும். பெயருக்குரியவர் அன்று மாலைக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்த ஓலையில் பள்ளத்துச் சாட்சிகள் மூவர் ஆளுக்கொரு கீறல் இட வேண்டும். மூவருக்கும் எழுத்துத் தெரியாது. அந்தக் கீறலுக்கு எத்தனை பலம் என்று தலைவருக்குத் தெரியும், கீறியவர்களுக்குத் தெரியாது.

தலைவர் பெயர் பொன்னம்பலக்கூத்தன். ஏரிக்கு மூன்று வாய்க்கால்கள். ஒன்று சாயத் தெருவிலிருந்து வருவது. இன்னொன்று தலைவரின் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வருவது. மூன்றாவது துணி வெளுக்கும் துறையிலிருந்து வருவது. அந்தக் காலத்துக்கும் முந்திய பெரியவர்கள் மூன்று வாய்க்காலின் வாயிலும் ஒரு குழி வெட்டி, சுற்றிலும் நாணல் நட்டிருந்தார்கள். மழை அடித்து வரும் அழுக்கு குழியில் தங்கும், நாணலில் வடியும், தெளிந்த நீர் மட்டும் ஏரிக்குப் போகும். கோடையில் குழியைத் தூர்வாரி வண்டலை வயலுக்கு அடிப்பார்கள்.

தலைவர் ஒரு குழியை மூடி, சாய வணிகருக்குத் துணி உலர்த்தும் களமாகக் கொடுத்தார். இன்னொரு குழியை மூடி, தம் கொடிக்காலை ஏரிக்குள் நீட்டினார். வெளுக்கும் துறைக் குழியை விட்டுவிட்டார். அந்த நாற்றத்தில் யார் களம் போடுவார்கள்?

பள்ளத்தார் மூன்று முறை முறையிட்டார்கள். முதல் முறை, மழையைக் கேளுங்கள் என்றார் தலைவர். இரண்டாம் முறை, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார். மூன்றாம் முறை பரிவாரத்தோடு வந்து வாய்க்கால்களை நேரில் பார்த்தார். எப்போது? பங்குனி வெயிலில். காய்ந்த மண்ணில் நடந்து, செருப்பில் தூசி தவிர ஒன்றும் ஒட்டவில்லை என்று எழுதி வைத்தார்.

இதையெல்லாம் பற்றி ஓயாமல் கேள்வி கேட்டவள் சாத்தனின் மனைவி உலகாயி. தண்ணீருக்குள் முழுகி மடையின் கல்லடைப்பைத் தூக்கத் தெரிந்தவர் இனி அவள் ஒருத்திதான். ஐந்தாம் ஆண்டு ஓலையில் அவள் பெயர்தான் என்று மழைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மடையைத் திறந்துவிட்டு மாலையில் அவள் போகலாம். அடுத்த ஆண்டுக்கு வெளியூரிலிருந்து ஆள் வருவான். இதுதான் தலைவரின் ஏற்பாடு. வேலையையும் வாங்கிக்கொண்டு வீட்டையும் பிடுங்குகிற ஏற்பாடு!

உலகாயி அழவில்லை. சாட்சிகள் மூவரையும் அழைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாய்க்காலும் ஏரியில் சேரும் இடத்தில் ஒரு வைக்கோல் கட்டைக் குறுக்கே வைத்து, முடிச்சுகளை அவர்களையே போடச் சொன்னாள். மழை பெய்தது. ஏரி நிரம்பியது. ஊரே கரைக்கு வந்தது. மூன்று சாட்சிகளும் தங்கள் முடிச்சைத் தாங்களே அவிழ்த்தார்கள்.

சாயத் தெரு வைக்கோல் நீலமும் சிவப்புமாகப் பிசுபிசுத்தது. கொடிக்கால் வைக்கோலில் அழுகிய பிண்ணாக்கும் எருவும் புழுவும் அப்பியிருந்தன. வெளுக்கும் துறை வைக்கோல் களத்தில் கிடந்தது போலவே மஞ்சளாக இருந்தது.

சின்னான் துரத்தப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மழை அடித்து வந்ததற்கு நான் என்ன செய்வேன்? மழை மேல் குற்றம் சொல்கிறாயா, உலகாயி?" என்றார் தலைவர்.

"ஐயா, மூன்று வாய்க்காலிலும் பெய்தது ஒரே மழை. ஒன்றில் குழி இருக்கிறது, இரண்டில் இல்லை."

தலைவர் ஓலையை நீட்டினார். மூத்த சாட்சி, குயவர் நம்பி, கையைக் கட்டிக்கொண்டார். "நாலு வருஷம் தெரியாமல் கீறினேன், தாயி. இந்த வருஷம் என் கைக்குக் கண் வந்துவிட்டது" என்று உலகாயியிடம் சொன்னார். மற்ற இருவரும் கீறவில்லை. கீறல் இல்லாமல் ஓலை இல்லை. ஓலை வாசிக்காமல் மடை இல்லை. உலகாயி கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் தலைவர் மிரட்டினார். தண்ணீர் கொடிக்காலின் வரப்பைத் தொட்டது.

இரண்டாம் நாள் உலகாயிக்கு ஒரு மா நிலம் தருவதாக ஆள் அனுப்பினார். தண்ணீர் வெற்றிலைக் கொடியின் வேரில் நின்றது. பள்ளத்திலும் நாற்று வாடியது. பள்ளத்தார் பல்லைக் கடித்துப் பொறுத்தார்கள்.

மூன்றாம் நாள் தலைவரே வந்தார். கொடி அழுகுகிறது, முழுகு அம்மா என்றார். ஐந்து வருஷத்தில் அவர் அவளை அம்மா என்றது அன்றுதான்.

"பெயரை வாசியுங்கள் ஐயா, முழுகுகிறேன். ஆனால் குழியை மூடியவர் பெயரை" என்றாள் அவள்.

கணக்கர் புது ஓலை எழுதினார். எழுதியதை மூன்று முறை உரக்கச் சொல்லச் செய்து, மூவரும் கீறினார்கள். வாசிக்கும் உரிமை தலைவருக்கு மட்டுமே உண்டு என்பது வழக்கம். ஆகவே ஓலை அவர் கைக்கே போனது.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். உலகாயி முழுகினாள், மடை திறந்தது. மாலையில் ஒரு பல்லக்கு ஊரைவிட்டுப் போனது. சாயக் களமும் கொடிக்கால் நுனியும் மறுபடி குழிகளாயின, நாணல் வளர்ந்தது. சின்னானையும் மாடத்தியையும் கருவாயனையும் தேடி ஆள் போனது. மாடத்தி மட்டும் திரும்பினாள். சாத்தனை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

கதையின் நீதி இதுதான்: மழைநீர் அழுக்கோடு ஏரியில் சேர்ந்தால், குற்றம் மழையுடையதோ நீரில் இறங்கி உழைப்பவருடையதோ அல்ல, அழுக்கைத் தடுக்கும் குழியை மூடியவருடையது.

தலைவர் ஓலையைப் பிரித்தார். மூன்று சாட்சிகள் பார்க்க, ஊர் பார்க்க, சாத்தனின் மனைவி பார்க்க, தகப்பன் பெயரோடு சேர்த்து வாசித்தார்.

"மாதேவன் மகன் பொன்னம்பலக்கூத்தன்."