மச்சாது முதலாளியின் சீலா மீன்

கடலோர மாதா கோயிலொன்றில் பீடத்துக்குப் பின்னால் பெரிய தேக்குப் பலகை நிறுத்தி, அதில் புனிதர்களை வரையத் தொம்மை என்ற பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். தேக்கு கொடுத்தவர் மச்சாது முதலாளி. ஊரில் பாதி வள்ளம் அவருடையது.

“புனிதர் வரிசையில என் முகமும் இருக்கணும்” என்றார் அவர்.

கோயில் பங்குச் சாமியாரோ, “நீயே பார்த்துக்கோப்பா” என்று நழுவிவிட்டார். வரைந்தால் ஊர் உதைக்கும். வரையாவிட்டால் முதலாளி உதைப்பார்.

தொம்மை தலையைச் சொறிந்தான். “புனிதர்னா கையில ஏதாவது இருக்கணுமே முதலாளி. உங்களுக்கு என்ன வைக்க?”

“நல்ல சீலா மீனா ஒண்ணு வையி.”

ஞாயிற்றுக்கிழமை திரையை விலக்கினார்கள். ஊரே குழம்பிப்போனது. செபஸ்தியார் கையில் அவரைத் துளைத்த அம்பு. சின்னப்பர் கையில் அவர் தலையை வெட்டிய வாள். முதலாளி கையில் மீன்.

“அவங்க அவங்க உயிரை எடுத்ததைத்தானே கையில வச்சிருக்காங்க?” என்றாள் மீன்காரி பிலோமி. “அப்போ முதலாளி முள்ளு மாட்டியா சாவாரு?”

முதலாளி காதிலும் அது விழுந்தது. மத்தியானம் சீலாக் குழம்பைப் பார்த்ததும் எழுந்து ஓடினார். மறுநாள் கருவாட்டு வாசத்துக்கே தொண்டையைப் பிடித்துக்கொண்டார். பட்டினி தாங்காமல் கோயிலுக்கு ஓடிவந்தார்.

“அழிச்சிருடா தொம்மை!”

“மீனை அழிச்சிட்டு வேற என்ன வைக்க? நங்கூரமா? தேங்காயா?”

முதலாளி நங்கூரத்தை நினைத்தார். தேங்காயை நினைத்து, கோயில் வாசல் தென்னையை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

“மீன் இருக்கட்டும்டா. என்னை அழி!”