ராஜ்யத்தில் ஒரே ஒரு நெத்திலி

கொற்றமங்கலம் என்று ஒரு ராஜ்யம். எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். மீன்குழம்பு நன்றாக வைப்பார்கள், அது போதும். அதை ஆண்ட குலோத்தமராயருக்கு வாரத்துக்கு ஒரு யோசனை உதிக்கும். அடுத்த வாரம் அது மறந்துபோகும் என்பதால் குடிமக்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரே ஒரு யோசனை மட்டும் மறக்காமல் ஒட்டிக்கொண்டது. கடலில் என்னென்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று ஏழு மீன்பிடித் துறைகளிலும் எழுதி வாங்கி, எல்லா ஓலைகளையும் அரண்மனையில் ஒரே பேரேட்டில் சேர்க்க வேண்டும் என்றார். யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. ஒப்படைத்த ஆள்தான் கோளாறு.

அந்த ஆள் ஓலைநாயகம் பட்டாபிராமர். முப்பது வருடமாக நிலத்துக்கு ஓலை எழுதியவர். கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை சொல்லாவிட்டால் அவர் எழுத்தாணி நகராது. மீனுக்கும் நான்கெல்லை கேட்டார். துறை எழுத்தர்கள் தலையைச் சொறிந்தார்கள். பிறகு வஞ்சிரமோ மத்தியோ, பிடிபட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓலை போட்டு, கிழக்கே தண்ணீர், மேற்கே தண்ணீர், வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர் என்று எழுதி அனுப்பினார்கள். நாற்பதாயிரம் ஓலைகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின.

பட்டாபிராமர் படித்துப் பார்த்தார். ஒரே நான்கெல்லைக்குள் இரண்டு நிலம் இருக்க முடியாது. அப்படி இரண்டு ஓலை வந்தால் ஒரே நிலத்தை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று பொருள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும். நிலத்துக்கு நல்ல விதிதான். அதே விதிப்படி அவர் மீன்களை அடிக்க ஆரம்பித்தார். மூன்று மாதம் அடித்த பிறகு பேரேட்டில் மிஞ்சியது ஒரே ஒரு நெத்திலி.

ராஜா கலங்கிப்போனார். தன் பாட்டனார் காலத்தில் எத்தனை மீன், இப்போது ஒன்றுதானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நெத்திலி பெருகும்வரை யாரும் கடலில் வலை போடக் கூடாது என்று பறை அறைவித்தார். துணையில்லாமல் அது எப்படிப் பெருகும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. காரணம், கூடவே இன்னொன்றும் அறைவித்திருந்தார். பேரேட்டைத் தப்பு என்று சொல்பவர் யாராயிருந்தாலும் ஏழு நாள் கட்டுமரத்தில் நடுக்கடலில் கிடக்க வேண்டும்.

அரசவை விகடர் ஏகாம்பரத்துக்கு அலை என்றாலே குடல் புரளும். அதனால் அவரும் கீரைக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். இருபத்தோராம் நாள் வெண்மணல்துறையிலிருந்து மீன் விற்கும் பூவாயி வெறுங்கூடையோடு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"வலையெல்லாம் கொடியில கெடக்கு சாமி. எங்க துறையில பாதி வீட்டுல அடுப்பு எரியல. மீனு துள்ளுறது கரையில நின்னாலே தெரியுது. ஏட்டுல இல்லேன்னா கடல்லயும் இல்லாமப் போயிடுமா?"

ஏகாம்பரத்துக்கு வெட்கமாகிவிட்டது. கீரை தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனார்.

அங்கே அவர் பேரேட்டை வானளாவப் புகழ்ந்தார். பட்டாபிராமருக்கு உச்சி குளிர்ந்தது. இப்படிப்பட்ட ஏட்டில் மீன் மட்டும் இருந்தால் போதுமா, சபையில் இருப்பவர்களையும் அதே முறையில் பதிய வேண்டாமா என்று ஏகாம்பரம் கேட்டார். ராஜாவுக்குப் புது யோசனை என்றால் கேட்கவா வேண்டும், உடனே தலையாட்டினார்.

பட்டாபிராமர் ஆசையாக எழுத்தாணியை எடுத்தார். முதலில் மகாராஜா. கிழக்கே யானை வாசல், மேற்கே ஆயுதசாலை, வடக்கே மடப்பள்ளி, தெற்கே குளம். அடுத்து சேனாபதி. அவருக்கும் கிழக்கே யானை வாசல், மேற்கே ஆயுதசாலை. இப்படிப் பதினான்கு ஓலைகள் ஆயின. பதினைந்தாவதாகத் தன் பெயரையும் அழகாக எழுதி, கீழே ஒரு சுழியும் போட்டார்.

"பதினைந்துக்கும் ஒரே நான்கெல்லையாக இருக்கிறதே, விதி என்ன?" என்றார் ஏகாம்பரம்.

"ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும்" என்றார் பட்டாபிராமர், பெருமையாக. சொன்ன பிறகுதான் கை நின்றது.

"எதை வைத்துக்கொள்ளலாம்?"

பட்டாபிராமர் மகாராஜாவின் ஓலையைத்தான் என்று மெல்லச் சொன்னார். வேறு எதைச் சொல்ல முடியும்?

ஏகாம்பரம் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மகாராஜா, பேரேட்டின்படி இந்தச் சபையில் தங்களைத் தவிர யாரும் இல்லை. நான் இல்லை. சேனாபதி இல்லை. ஓலைநாயகமும் இல்லை. இல்லாத ஆள் ஒருவர் தங்கள் பக்கத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுப்பிவிடலாமா?"

காவலர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள். பட்டாபிராமர் ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் இருக்கிறேன் மகாராஜா. ஏடுதான் தப்பு" என்று அலறினார்.

ராஜாவின் மீசை முதலில் துடித்தது. அப்புறம் தொந்தி குலுங்கியது. கிரீடம் மடியில் விழும்வரை சிரித்தார். தடை அன்றைக்கே நீங்கியது. இனி பூவாயியும் அவள் தோழிகளும் கரையில் கூடை கூடையாக, வகை பிரித்துச் சொல்வதைத்தான் ஏட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஏகாம்பரத்துக்குப் பரிசாக ஒரு முழு வஞ்சிரம் வந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் என்று வீட்டில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் ஏட்டைத் தப்பு என்றவருக்குத் தண்டனை தண்டனைதான். ஓர் ஓலைக்கட்டையும் கையில் கொடுத்து, அங்கேயே மீனை எழுதிவரச் சொல்லிப் பட்டாபிராமரைக் கட்டுமரத்தில் ஏற்றினார்கள். எட்டாம் நாள் அவர் முகம் வெளிறி, ஓலைகள் ஈரமாகி, தள்ளாடிக்கொண்டு சபைக்குத் திரும்பினார். எத்தனை மீன் எழுதினீர் என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

"ஒன்றுகூட எழுத முடியவில்லை மகாராஜா. கிழக்கெல்லையை எழுதி முடிப்பதற்குள் மேற்கே போய்விடுகிறது."