திரும்பி வராதவர்கள்

"என் மாத்திரையை ஏன் மேடம் அடிச்சீங்க?" என்று கேட்டார் இசக்கிராஜ்.

அவர் மாணவர்தான். ஆனால் வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்த டாக்டர். பேராசிரியை ஹெலன் சுகிர்தா அவரைவிட நாலு வயது சின்னவர்.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஹெலன் எங்களில் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைப்பார். நம் நோயாளி ஒருவருடைய கேஸ் ஷீட்டை எடுத்துப்போக வேண்டும். எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். காட்ட முடியாததைச் சிவப்பு மையில் அடித்துவிடுவார். இசக்கிராஜுக்கு அடுத்த முறை என்னுடையது என்பதால் நானும் அறையின் ஓரத்தில் காத்திருந்தேன்.

அன்று அடிபட்டது ஒன்பதாம் படுக்கைக்காரரின் மாத்திரை. மாரடைப்பில் பிழைத்தவர். இதயம் மட்டும் இடையிடையே தப்பித் துடித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்.

ஹெலன் ஓர் ஆய்வுக் கட்டுரையை மேஜையில் நகர்த்தினார். மாத்திரை துடிப்பைச் சீராக்குவது உண்மை, ஆனால் சாப்பிடாதவர்களைவிடச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்றது அது.

இசக்கிராஜ் அதைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"முப்பத்தொரு பேருக்குக் குடுத்திருக்கேன் மேடம். அத்தனை பேருக்கும் இசிஜி சீராச்சு. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட வலின்னு திரும்பி வரலை."

நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, குணம் என்று எழுதியிருந்தார். வராத நோயாளியைக் குணமானவராக எழுதிக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். எனக்கும் உண்டு.

ஹெலன் பக்கங்களைப் புரட்டினார். பிறகு போனை அவர் பக்கம் தள்ளினார்.

"கூப்பிடுங்க. பேசி முடிச்சப்புறமும் எழுதணும்னு தோணினா, எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

இசக்கிராஜ் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்.

முதல் ஆள் தானே எடுத்தார். வயலில் இருப்பதாகச் சொன்னார். இசக்கிராஜின் முகம் மலர்ந்தது.

இரண்டாவது நம்பரை மகன் எடுத்தார். அப்பா பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நாலாவது ஆள் பஸ்ஸிலேயே இறந்துபோனார். ஐந்தாவது ஆள் பேத்தியின் சடங்கன்று.

இருபது பேரைக் கூப்பிட்டார். நாலு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆறு பேர் நன்றாக இருந்தார்கள். பத்து பேர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அவகாசமே இல்லாமல் போனவர்கள். நோட்டில் பத்து பேரும் குணமாகியிருந்தார்கள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. டாக்டர் இத்தனை நாள் கழித்து நினைவு வைத்துக் கேட்கிறாரே என்று நன்றி சொன்னார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"என் மாத்திரையாலதானா மேடம்?"

"தெரியாது."

"நெஞ்சே கெட்டுப்போனவங்க. எப்படியும் போயிருப்பாங்க."

"இருக்கலாம். இதே மாதிரி வந்து, நீங்க மாத்திரை குடுக்காம அனுப்பினவங்க எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

அவர்களை அவர் எழுதி வைக்கவில்லை.

"அப்ப உங்க நோட்டைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது டாக்டர். எப்பவுமே."

அவர் நோட்டில் அடுத்த நம்பரைப் பார்த்து அழுத்தினார்.

இருபத்தொன்றாவது நம்பரை ஒரு பெண் எடுத்தாள்.

"அவிய போயி ரெண்டு வருசம் ஆச்சு சார். உங்க மாத்திரையாலதான் ஆறு மாசமாச்சும் இருந்தாவ. சாமி மாதிரி கூப்பிட்டீங்க. அவிய தம்பிக்கும் இப்பம் நெஞ்சுவலி வந்து, துடிப்பு சரியில்லைன்னு சொல்லுதாங்க. அந்த மாத்திரை பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

இசக்கிராஜ் ஹெலனைப் பார்த்தார்.

"அது வேண்டாம்மா," என்றார் இசக்கிராஜ்.

"ஏன் சார்? எங்க வீட்டுக்காரருக்கு நல்லாத்தான கேட்டுச்சு?"