முள் கடிவாளம்

“தாயே, இதைவிடக் கடுமையான தியான சாதனை ஒன்று கொடுங்கள். இல்லையென்றால் இன்றே மலையிறங்கிப் போய்விடுகிறேன்.”

சொன்னவர் தாண்டவராயர். ஒரு காலத்தில் பாளையத்துக் குதிரைப்படையில் இருந்தவர். வயது அறுபதை நெருங்குகிறது. குரு உலகாத்தாளுக்கோ நாற்பதுகூட நிரம்பவில்லை. இடிந்த கோட்டையில், கூரை போன நெற்களஞ்சியம்தான் அவள் மடம்.

“இருக்கிற சாதனைக்கு என்ன?”

“கண்ணை மூடினால் போதும், மனசு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. இழுத்துப் பிடிக்கிறேன். இன்னும் ஓடுகிறது. பட்டினி கிடந்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். விளாறுக் குச்சியால் முதுகில் அடித்துக்கொண்டேன். ஏழு வருஷம், தாயே! அலுத்துப்போச்சு. தூங்கக்கூட முடியவில்லை.”

பாவம், மனுஷர் பொய் சொல்லவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

உலகாத்தாள் கோட்டை லாயத்தின் இடிபாட்டில் அன்று காலை கிடைத்த ஓர் இரும்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்துத் தூக்கிக் காட்டினாள்.

“இது என்ன, தாண்டவராயரே?”

அத்தனை அலுப்பிலும் அவர் முகம் மலர்ந்தது. “அடடா, முள் கடிவாளம்! நாக்கில் முள் குத்தும். அடங்காத குதிரைக்கு இதைத்தான் மாட்டுவோம்.”

“மாட்டினால் அடங்கிவிடுமா?”

“சிலது அடங்கும். சிலது வெறி பிடித்து ஓடும்.”

“ஓடினால்?”

“இன்னும் பலமாக இழுப்போம்.”

இரண்டு பக்க வளையத்திலும் கயிற்றைக் கட்டினாள் உலகாத்தாள்.

“வாயைத் திறவும்.”

குருவே சொன்ன பிறகு என்ன செய்வது? திறந்தார். கடிவாளத்தை வைத்துவிட்டு, கயிற்றோடு பின்னால் போய் நின்றாள்.

“நில்லும்” என்று இழுத்தாள்.

நின்றார்.

“நில்லும்!” இன்னும் இழுத்தாள்.

கடிவாளத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

“நில்லும்!”

தாண்டவராயர் தலையை உதறினார். அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மதில் வரை ஓடினார். அங்கே கடிவாளத்தைத் துப்பினார். கூடவே ரத்தமும் வந்தது.

“நில்லும் என்றுதானே சொன்னேன்?”

“காதில் விழவில்லை, தாயே. வலிதான்...”

அவர் கை தானாக முதுகிலிருந்த விளாறுத் தழும்புக்குப் போனது.

மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். உலகாத்தாள் கிட்டே போகவில்லை.

வெகுநேரம் கழித்து மதில் பக்கமிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.