கேடயம் பரிமாறிய விருந்து

முன்னொரு காலத்தில் முத்துக்கரை நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய மந்திரி மங்கலநாதரை முதலில் வம்புக்கு இழுத்தது சேனாதிபதி இடும்பராயன்தான். யார் மாற்றிச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

துறைமுகம் தூர்ந்துபோயிருந்தது. அதை ஆழப்படுத்த கஜானாவைத் திறப்பதாக ராஜா சபையில் சொன்னார்.

"பிரபு, அங்கே போர்க்கப்பல் மட்டும் நிற்கட்டும். கருவாட்டுப் படகுகளை இன்றைக்கே விரட்டிவிடுவோம்" என்றான் இடும்பராயன்.

"எதிரே இருக்கிற சங்குத்தீவில் நெல் விளையாதே! அவர்கள் இங்கே கருவாடு விற்றுத்தானே அரிசி வாங்கிப் போகிறார்கள்?" என்றார் மந்திரி.

"அடடா, மந்திரியார் மேலேயே கருவாட்டு வாடை!" என்று மூக்கைப் பொத்தினான் இடும்பராயன். சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

மந்திரிக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். "சேனாதிபதி சொன்னபடியே படகுகளை நிறுத்துங்கள். வரும் பௌர்ணமிக்குச் சங்குத்தீவில் நம் வீரர்கள் காவலிருக்கும் கோட்டையில் மகாராஜாவுக்கு விருந்து. சாப்பிட்டுவிட்டுத் துறைமுக வேலைக்குப் பணம் கொடுங்கள்" என்றார்.

விருந்து என்றதும் ராஜா சப்புக்கொட்டினார்.

பௌர்ணமியன்று கப்பல் கிளம்பும்போது, "நாலு மூட்டை அரிசி ஏற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டார் மந்திரி.

"போர்க்கப்பலில் மூட்டையா? என் வீரர்கள் என்ன கூலிக்காரர்களா?" என்று சீறினான் இடும்பராயன். மூட்டையைத் தொட்டால் வீரம் போய்விடும் என்பது அந்தப் படையின் நம்பிக்கை.

கோட்டையில் இலை போட்டார்கள். மந்திரி அதில் அம்பு முனைகளை அள்ளி வைத்து, ஓரத்தில் ஒரு கேடயத்தைச் சாய்த்தார்.

"என்னய்யா இது?"

"அம்புக் கூட்டு, பிரபு. அப்பளத்துக்குப் பதில் கேடயம்."

"விளையாடாதீர்! சோறு எங்கே?"

"கோட்டைக்கும் அரிசி வந்தது அந்தக் கருவாட்டுப் படகில்தான். படகு நின்றது, அடுப்பு அணைந்தது. அதோ பாருங்கள், வீரர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஈட்டிதான் அவர்களைத் தாங்கி நிற்கிறது."

"மீனாவது உண்டா?"

"விற்க இடமில்லை என்று தீவுக்காரர்கள் வலையைச் சுருட்டிவிட்டார்கள்."

ராஜாவின் வயிறு கடமுடவென்றது. "இடும்பா, உட்கார். அந்தக் கேடயத்தை முதலில் நீ கடி!"

சேனாதிபதியின் தலை தொங்கியது.

"துறையை அகலமாக வெட்டுங்கள். ஒரு பக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் தீவுப் படகு. செலவு கஜானாவுடையது, பொறுப்பு மந்திரியுடையது" என்று சொல்லி, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "இடும்பா, நீ சபையில் எல்லார் முன்னாலும் மந்திரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"ஆகட்டும், பிரபு."

துறை வெட்டி முடிந்தது. தீவில் உலை கொதித்தது. கோட்டை வீரர்களுக்குத் தொந்தி விழுந்தது. ஆனால் சபை கூடும் நாளெல்லாம் இடும்பராயனுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. மந்திரியும் விடுவதாயில்லை. தினமும் அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்து, "தொண்டை எப்படியிருக்கிறது, சேனாதிபதியாரே?" என்று விசாரித்துக்கொண்டேயிருக்கிறார்.