பல் பார்த்து எடுத்த டேப்லெட்

கொழிஞ்சிப்பாளையத்தில் புத்தியுள்ள ஆளே கிடையாதா என்று கேட்டுவிடாதீர்கள். இருந்தார்கள். ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். பஸ் ஏற வழி தெரியாமல் மிச்சம் நின்றவர்கள் கூடி மாட்டுத் தரகர் சங்கம் ஆரம்பித்தார்கள்.

சங்கத்துக்குத் தலைவர் சென்னியப்பன். வியாழக்கிழமைச் சந்தையில் இருபது வருஷமாகத் தோளில் துண்டோடு நிற்கிறவர். அவருக்கு வலது கை ராக்கியண்ணன். மாட்டு உடம்பில் மயிர்ச் சுழி பார்த்துப் பலன் சொல்வதில் கெட்டி. இடது கை நாச்சிமுத்து. பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வதில் கெட்டி. உலகத்தில் மாடு என்று ஒன்று இருக்கிறது, மாடு அல்லாதது என்று மற்றொன்று இருக்கிறது, அந்த மற்றொன்றைப் பற்றி நமக்கென்ன என்று மூவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதி ஒரு நாள் ஜீப்பில் வந்த ஆபீஸரால் கெட்டது. அவர் மூன்று அட்டைப் பெட்டிகளைச் சங்கத்து மேஜையில் வைத்தார்.

"இனிமே சந்தையில வித்தது வாங்கினதெல்லாம் டேப்லெட்லதான் பதியணும். மூணு கம்பெனி சாம்பிள் இருக்கு. இது மின்மினி, இது ஓரியோலா, இது டக்கான். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா? மாடு பார்த்து எடுக்கிற மாதிரியே பார்த்து ஒண்ணை எடுங்க. எடுத்ததுலயே ஒரு படிவம் இருக்கும், அதைத் தொட்டு புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

"அனுப்பலைன்னாங்?" என்றார் சென்னியப்பன்.

"உங்களுக்கு வேண்டாம்னு அர்த்தம். சந்தை வெங்கமேட்டுக்குப் போயிடும். இந்தப் பக்கத்துக்கு ஒரு சந்தைதான்னு முடிவு பண்ணியாச்சு."

"மாடு பார்க்கிற மாதிரியேங்களா?" என்று நாச்சிமுத்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டான்.

"அச்சு அசல் அதே மாதிரி" என்று சொல்லிவிட்டு ஆபீஸர் ஜீப் ஏறினார். பாவம், மனுஷன் ஒரு மரியாதைக்குச் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

அன்று மத்தியானம் சென்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வெங்கமேட்டுச் சந்தைக்குத் தலைவன் யார் தெரியுமா? குப்பண்ணன். சென்னியப்பனின் சொந்த மச்சினன். சந்தை அங்கே போய்விட்டால் அந்தக் குப்பண்ணனிடம் போய், "மச்சான், ஒரு ஓரமா நின்னுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவனும் சிரித்துக்கொண்டே, "நில்லுங்க மாமா, வெயில் படாத இடமாப் பார்த்து நில்லுங்க" என்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் சென்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங், அதை ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி பழனாத்தாள்.

"வந்ததும் வராததுமா ஆன் பண்றதா? புதுசா வந்த மாட்டை ஒரு நாள் கட்டிப் போட்டு, முறைக்குதா, முட்டுதான்னு பார்க்கோணும். உனக்கென்ன தெரியும்?"

பழனாத்தாள் தன் போனில் தம்பி குப்பண்ணனோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவள். அவளுக்கு ஒன்றும் தெரியாதாம். அவளும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளைக்குள் ஊர் மூன்றாகப் பிரிந்துவிட்டது. மூன்று பெட்டியையும் யாரும் இன்னும் திறக்கவில்லை, அதைக் கவனியுங்கள். பெட்டி மேல் அச்சடித்திருந்ததைப் படித்தே டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மின்மினியில கேமரா அம்பதுன்னு போட்டிருக்கான். டக்கான்ல நாப்பத்தெட்டுதான்."

"அம்பது என்ன?"

"அது தெரியாது. ஆனா ரெண்டு அதிகம்."

"ஓரியோலாவுல ஆறு இருக்குதே!"

"ஆறு என்ன?"

"அதுவும் போடலை. அத்தனை பெரிய கம்பெனிக்காரன் சும்மா ஆறுன்னு போடுவானா?"

ஓரியோலா கட்சிக்காரர்கள் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். டக்கான் கட்சிக்காரர் ஒருவர் மின்மினி கட்சிச் சம்பந்தி வீட்டில் டீ குடிக்க மாட்டேன் என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். இவர்கள் யாருக்கும் டேப்லெட் வரப் போவதில்லை. அதனால் என்ன? சண்டைக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதாதா இந்த ஜனங்களுக்கு!

சனிக்கிழமை சங்கத்து வாசலில் மூன்று முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப்லெட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடக் கூடாதல்லவா? ஊர் சுற்றி நின்றது. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாச்சி, பல்லைப் பாரு" என்றார்.

நாச்சிமுத்து டேப்லெட்டை நாலு பக்கமும் திருப்பினான். வாயைக் காணோம். கடைசியில் சார்ஜரை எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்தான். கரண்ட் துளையில் சொருகுகிற கம்பிகள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தன.

"டக்கானுக்கு ரெண்டு பல்லுண்ணா. நல்ல இளசு. ஓரியோலாவுக்கும் ரெண்டு." மின்மினி சார்ஜரை எடுத்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு மூணு இருக்குதுண்ணா."

கூட்டம் சலசலத்தது. மாட்டுக்குப் பல் ரெண்டு ரெண்டாகத்தான் முளைக்கும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

"மூணா? அப்ப நாலுல ஒண்ணு விழுந்து போச்சா?" என்றார் சென்னியப்பன்.

"விழுந்துதான் இருக்கோணும். கிழடு. புதுப் பெட்டியில போட்டு ஏமாத்தறானுங்க."

"வாலை முறுக்கிப் பாரு. கிழடானா துள்ளாது."

மின்மினியின் சார்ஜர் வயரை நாச்சிமுத்து இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். அது துள்ளவில்லை. இன்னொரு முறுக்கு முறுக்கினான். வயர் அறுந்து கையோடு வந்தது. மின்மினி கழிந்தது. அதன் கட்சிக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்தது ஓரியோலா. நாச்சிமுத்து அங்கே இங்கே தடவியதில் அதன் கேமரா திறந்துகொண்டது. கண்ணாடிக்குள் ஒரு முகம் தெரிந்தது. நாச்சிமுத்து பின்வாங்கினான்.

"அண்ணா, இதுக்குள்ள ஒருத்தன் இருக்கறான்!"

"யாரு?"

"தெரியலை. ஆனா முழியே சரியில்லை. முந்தின சொந்தக்காரனா இருப்பான். இது வித்து வாங்கின உருப்படிண்ணா."

சென்னியப்பன் வாங்கிப் பார்த்தார். "நீ சொன்னவன் இவனா? பெரிய மீசை வெச்சிருக்கானே!"

"இல்லைண்ணா, நான் பார்த்தவனுக்கு மீசை இல்லை."

"அப்ப ரெண்டு கை மாறியிருக்கு. இவன் அவனை விடப் பெரிய களவாணி, மூஞ்சியே சொல்லுது. ராக்கி, நீ பாரு."

ராக்கியண்ணன் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "மூணாவது ஒருத்தன் இருக்கறான். ரொம்பக் குரூபி."

ரெண்டு பல்லிலேயே மூன்று கை மாறிய மாடு திருட்டு மாடாகத்தான் இருக்க முடியும். போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது? ஓரியோலாவின் மேல் சாக்கைப் போட்டு மூடி, மூலையில் தள்ளிவிட்டார்கள்.

மிச்சம் டக்கான். அதைத் தொட்டதும் திரை வெளிச்சமானது. நட்ட நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூவரும் காத்திருந்தார்கள். வட்டம் சுற்றியது. அவர்கள் வெற்றிலை போட்டார்கள். வட்டம் சுற்றியது. மூன்றிலும் அடிமட்டமான சரக்கு அதுதான். ஒரு பக்கம் திறக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். புத்தியுள்ளவன் அப்போதே அதை ஆபீஸருக்குத் திருப்பி அனுப்பியிருப்பான்.

ராக்கியண்ணன் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"சுழிண்ணா! நடு நெத்தியில சுழி! அதுவும் வலம் சுத்துது பாருங்கோ. இடம் சுத்தினா குடியைக் கெடுக்கும். இது ராஜ சுழி. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லை."

"இப்படி நிக்காமச் சுத்துதே, ஒண்ணும் பண்ணாதா?"

"மாட்டுச் சுழி அசையாம இருக்குது. அதுக்கே அவ்வளவு பலன். இது விடாமச் சுத்துதுன்னா பலன் எவ்வளவு இருக்கோணும், நீங்களே சொல்லுங்கோ."

சென்னியப்பனுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. சந்தை தப்பியது என்று அவருக்குத் தோன்றியது. குப்பண்ணனின் சிரிப்பு மனசில் மெல்லக் கரைந்தது. டக்கானுக்கு ஒரு வெண்கலச் சலங்கை கட்டச் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் படிவம் அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. டக்கான் மனசு இறங்கிப் படிவத்தைத் திறந்து காட்டியது. இரண்டே இரண்டு பொத்தான். பச்சையில், 'எங்கள் சந்தைக்கு இந்த டேப்லெட் வேண்டும்.' சிவப்பில், 'எங்களுக்கு வேண்டாம், வெங்கமேட்டுக்குக் கொடுக்கவும்.' சென்னியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். பச்சையை நோக்கி விரலை நீட்டினார்.

"அண்ணா!" என்று ராக்கியண்ணன் அவர் கையைப் பிடித்தான். "நாலு பேர் பார்க்க, வெளிப்படையாவா விரல் வெப்பீங்க?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே? எந்தத் தரகன் பேரத்தைத் திறந்து வைத்துப் பேசுவான்? விரலைப் பிடித்து விலை சொல்வதெல்லாம் துண்டுக்குள்ளேதான் நடக்கும். இருபது வருஷத்தில் அவர் விரல் என்ன சொன்னது என்று அவர் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. மாடு பார்க்கிற மாதிரியே என்று ஆபீஸரும் சொல்லியிருக்கிறார்.

தோள் துண்டை எடுத்து டக்கான் மேல் விரித்தார். கையை உள்ளே விட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல முதலில் ஒரு விரல் வைத்தார். பதில் இல்லை. இரண்டு விரல் வைத்தார். தடவினார். அழுத்தினார். பிறகு அஞ்சு விரலையும் சேர்த்து, கனமான பேரம் படிகிற மாதிரி ஒரு பிடி பிடித்தார். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

துண்டை விலக்கினார்கள். 'நன்றி. உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது' என்று வந்திருந்தது.

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே!" என்று சென்னியப்பன் ஆச்சரியப்பட்டார். "பிடிச்ச பிடியில படிஞ்சிருச்சு. எத்தனை நல்ல குணம்!"

புது மாடு வந்தால் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, வயிறு நிறையத் தண்ணீர் காட்ட வேண்டும். டக்கானைத் தொட்டித் தண்ணீரில் வைத்தார்கள். அது பக்கவாட்டு ஓட்டையிலிருந்து குமிழி குமிழியாக விட்டது. ஆஹா, என்ன தாகம் என்று கழுநீரும் கொஞ்சம் கலந்தார்கள். பிறகு அது ஓசையில்லாமல் படுத்துவிட்டது. தண்ணீர் குடித்த மாடு படுக்கத்தானே செய்யும் என்று யாரும் எழுப்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. சென்னியப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு சந்தை மைதானத்துக்குப் போனார். ஒரு மாடு இல்லை. ஒரு கன்று இல்லை. லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வெங்கமேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பழனாத்தாள் போனை நீட்டினாள். குப்பண்ணன் திரை நிறையச் சிரித்தான்.

"சந்தையை நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களாமே, மாமா! யாருக்கு இந்தப் பெரிய மனசு வரும்? வாங்கோ, வெயில் படாத இடமா ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கேன்."

சென்னியப்பன் மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷம் ஒரு பிடியில் போயிற்று. அவர் அழுதார். அதைப் பார்த்து நாச்சிமுத்தும் அழுதான். ராக்கியண்ணன் மட்டும் அழாமல் யோசித்தான். அதுதான் வினை.

"ராஜ சுழி பொய் சொல்லாதுண்ணா. நாம ஒண்ணை மறந்துட்டோம். தாயைப் பார்க்காம உருப்படி எடுத்துட்டோம்."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதானே! தாயைப் பார்க்காமல் எவன் கன்று பிடிப்பான்? ஈரம் சொட்டும் டக்கானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மூவரும் ஆபீஸரிடம் ஓடினார்கள்.

ஆபீஸர் டக்கானைப் பார்த்தார். சலங்கையைப் பார்த்தார். உள்ளேயிருந்து வடிந்த கழுநீரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கையை ஓங்கிக் கத்தத் தொடங்கினார். "நீங்கெல்லாம் மனுஷங்கதானா? வேண்டாம்னு நீங்களே அனுப்பிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க? போன சந்தை போனதுதான். யாருகிட்ட போய்ச் சொன்னாலும் திரும்பாது!"

மூவர் காதிலும் அது விழவில்லை. அவர்கள் கண் மேஜை மேல் இருந்தது. அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதன் திரை நடுவில், அதே வட்டம், அதே வலமாக, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்று ராக்கியண்ணன் கையைக் கூப்பினான். "தாய் இங்கதான் இருக்குது."

நாச்சிமுத்து அதற்குள் மேஜைக்கு அடியில் புகுந்து வாலைத் தேடிப் பிடித்துவிட்டான். சென்னியப்பன் சாக்கைப் பிரித்து, டக்கானை மெல்லக் கம்ப்யூட்டரின் ஓரமாக ஒட்டி வைத்தார்.

"ஐயா, சந்தை போனாப் போகுதுங். கன்னு பால் குடிக்காமக் கிடக்குது, ரெண்டு நாள் தாய்கிட்ட விடுங்கோ, தேறிக்கும்" என்றவர், மறுபடி தாயை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருஷத் தொழில் சும்மா விடுமா? தோள் துண்டை எடுத்தார். ஓங்கியிருந்த ஆபீஸரின் கையை அன்போடு பிடித்து இறக்கி, மேலே துண்டை மூடி, உள்ளே ஒரு விரலைப் பிடித்தார்.

ஆபீஸர் அலறிக்கொண்டு கையை உதறினார்.

"படியலைங்களா?" என்றார் சென்னியப்பன், குரலைத் தாழ்த்தி. "சரிங், தாயும் கன்னும் சேர்த்துன்னா இன்னொரு விரல் போட்டுத் தர்றனுங்."