உள்ளே வா என்றது நெல்

ஒரு குறுவை அறுப்பு சமயம். வாய்க்காலை ஒட்டிய பெரிய வயல் ஒன்றில் முற்றிய நெல்லுக்குள் கானாங்கோழி ஒருத்தி நாலு குஞ்சுகளோடு குடியிருந்தாள். குஞ்சுகள் கரிக்கட்டை நிறம். ஓடத் தெரியும், பறக்கத் தெரியாது. தாய்க்காரிக்கு அந்த ஒரே கவலைதான். அறுப்பு வருவதற்குள் இறக்கை முளைத்துவிட வேண்டுமே என்று காலையில் எழுந்ததும் நாலு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பாள். ஒன்றும் முளைத்தபாடில்லை.

நெல்லுக்கு அவள்மேல் அலாதிப் பிரியம். தன் மடியில் கூடு கட்டி, தன் மடியிலேயே குஞ்சு பொரித்தவள் அல்லவா! வானத்தில் பருந்து வட்டம் போட்டால் தாளைச் சாய்த்து மறைத்துக்கொள்ளும். அந்த நெல்லை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

முதல் நாள் நாலைந்து பெண்கள் அரிவாளோடு வந்தார்கள். வயலின் நாலு மூலையை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அறுப்பு மிஷின் திரும்புவதற்கு இடம் வேண்டாமா, அதற்குத்தான். கானாங்கோழிக்கு அது எங்கே தெரியும்? இந்தத் தடவை அறுப்பு இவ்வளவுதான் போலிருக்கிறது, தப்பித்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்தால் மேகம் கறுத்து நிற்கிறது. வயல்காரர் வைரக்கண்ணு குட்டிபோட்ட பூனை மாதிரி வரப்பில் நடந்துகொண்டிருந்தார். மழை விழுந்தால் கதிர் படுத்துவிடும், படுத்த கதிர் முளைத்துவிடும். அவர் கவலை அவருக்கு. அந்த நேரத்தில்தான் அறுப்பு மிஷின் வயலுக்குள் இறங்கியது.

சத்தம் கேட்டதும் கானாங்கோழி குஞ்சுகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் சாதிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் அறுக்கும்போது ஒரு வரப்பில் வரிசை கட்டி இறங்கி, எதிர் வரப்பைப் பார்த்து அறுத்துக்கொண்டே போவார்கள். சத்தத்துக்கு முதுகைக் காட்டி, நெல்லுக்கு வெளியே தலைகாட்டாமல் நடந்தால் எதிர் வரப்பு வந்துவிடும். அதைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்கால் கரையில் காட்டாமணக்குப் புதர். முட்டைக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்த பாடம் இது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அப்படியே நடந்தாள்.

"உள்ளே வா தாயி" என்றது நெல். "இன்னும் உள்ளே வா. இங்கேதான் நான் அடர்த்தியா இருக்கேன்."

மிஷின் வரப்போரமாக அறுத்துக்கொண்டே போயிற்று. சத்தம் குறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு ஆறவில்லை, அதே சத்தம் இடது கைப் பக்கம் கேட்டது. இன்னும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கம் கேட்டது. எந்த வரப்பைத் தாண்டிப் பிழைக்கலாம் என்றிருந்தாளோ, அந்த வரப்பிலேயே கேட்டது. குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு நடு வயலுக்கே போனாள்.

நடு வயலில் ஏற்கெனவே கூட்டம். தவளைகள், பாம்புக்குட்டி ஒன்று, எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்த வயல் எலி. சத்தம் கிட்டே வந்தால் எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்கள். தள்ளிப் போனால், போய்விட்டது போய்விட்டது என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் இடம் கொஞ்சம் நெருக்கமாயிற்று. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் நெல் மனசு புண்படும் என்று கானாங்கோழியும் சும்மா இருந்தாள். நல்ல மரியாதைதான் போங்கள்.

அறுத்த நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்ட மிஷின் நின்றது. டிரைவர் பச்சமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்னமோ ஓடுகிறது, நடுவில் நேராக ஒரு கோடு அறுத்துவிட்டு அங்கேயிருந்து வெளிப்பக்கமாக அறுத்து வரட்டுமா என்று கேட்டார். வைரக்கண்ணு வானத்தை அண்ணாந்து பார்த்தார். நடுவில் போனால் நெல் மிதிபடும், மழைக்கு முன்னால் முடியாது, வழக்கம்போலச் சுற்றியே போங்கள் என்று சொல்லிவிட்டார்.

இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் கானாங்கோழி நெல் ஓரத்துக்கு வந்து தலையை நீட்டினாள். மிஷினைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, நீங்க எப்போ போவீங்க?"

மிஷினுக்கு ஆச்சரியம். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நான் எங்கே போறேன்?" என்றது.

"இப்போகூடப் போனீங்களே. சத்தம் குறைஞ்சுதே."

"அது போனதில்லம்மா. அந்தப் பக்கம் திரும்பினேன். எனக்கு உன்மேல ஒரு கோபமும் கிடையாது. நீ இருக்கிறதே இப்பத்தான் தெரியும். கடைசிக் கதிர் வரைக்கும் சுத்துன்னு இறக்கிவிட்டிருக்காங்க, சுத்துறேன்."

"கடைசிக் கதிர் எங்கே இருக்கு?"

"நடுவுல."

கானாங்கோழி ஓடி வந்து விஷயத்தைச் சொல்லி, வெளியே ஓடிவிடலாம் என்றாள். எலிக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே ஒரு முழத்துக்கு மறைப்பு கிடையாது, மிஷின் பின்னால் கொக்குகள் காத்து நிற்கின்றன, மேலே பருந்து சுற்றுகிறது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டது. தெரியத்தான் செய்தது. எலி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் நாலு குஞ்சுகளையும் ஒரு தடவை எண்ணிக்கொண்டாள்.

"போகாதே தாயி" என்றது நெல். "உன்னை நான் எப்பவாவது கைவிட்டிருக்கேனா?"

"இல்லையே" என்றாள் கானாங்கோழி. "நீ கைவிட மாட்டே. ஆனா நீயே இருக்க மாட்டியே."

மிஷின் மறுபடி கிளம்பி அந்தப் பக்கம் திரும்பியதும் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். அறுத்த தாள் காலைக் குத்தியது. இப்படி ஒரு வெளிச்சத்தை அந்தக் குஞ்சுகள் பார்த்ததே இல்லை, கண் கூசக் கூச ஓடின. கடைக்குட்டி எப்போதும் பின்தங்கும். இன்றைக்கும் பின்தங்கியது. மேலேயிருந்து பருந்து சரேலென்று இறங்கியது, கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் மற்ற மூன்றும் நின்றுவிடும் என்று அவள் திரும்பவில்லை. வரப்பேறி, வாய்க்காலில் இறங்கி, காட்டாமணக்குப் புதர் ஓரம் போய்த்தான் நின்றாள். மூன்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வயல் நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு நெல் நின்றது. மிஷின் சத்தம் மெல்லக் குறைந்தது. எலி அந்த நெல்லுக்குள்ளிருந்து மூக்கை நீட்டி வாய்க்கால் கரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"பாவம், புள்ளைங்களை வச்சுக்கிட்டு வெட்டவெளியில நிக்கிறா. நாமளாவது உள்ளே இருக்கோம்."